இறக்குபவரும் இறங்க வேண்டும்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் சௌக்கியமா? உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? காரில் உட்கார்ந்தே பிழைப்பு நடத்துகிறவன் கொஞ்சமாவது நடக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லி வைத்தேனே, சொன்னாளா? இங்கே நானும் அத்தானும் நலம்தான்.

உன்னிடம் ஒரு யோசனை கேட்கத்தான் இந்தக் கடிதம். முதலாளி லாண்டரியை இழுத்து மூடிய பிறகு, வேலை செய்தவர்களே சேர்ந்து அதை எடுத்து நடத்துகிறோம் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு இருந்த அவசரத்தில் விதிகளை எப்படி எழுதுவது என்று முழித்தோம். "நாட்டுல எப்படியோ அப்படியே நமக்கும் வெச்சுக்கலாம்" என்று யாரோ சொன்னார்கள், எல்லாரும் கை தட்டினோம். இங்கே ஜனாதிபதியை மக்களே நேராகத் தேர்ந்தெடுப்பது போல, லாண்டரித் தலைவரையும் எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். நான்கு வருஷத்துக்கு அவரை யாரும் அசைக்க முடியாது. கொதிகலன், துவைப்பு, இஸ்திரி, மடிப்பு, வண்டி என்று ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஆட்கள் வந்து ஒரு குழு. வேலையை நடத்துவது தலைவர், செலவுக்கு அனுமதி கொடுப்பது குழு. அவர் குழுவைக் கலைக்க முடியாது. குழு அவரை வீட்டுக்கு அனுப்பவும் முடியாது.

தலைவர் உன் அத்தான். லாண்டரியை மீட்க அவர் அலைந்த அலைச்சலைப் பார்த்து எல்லாரும் அவருக்கே வாக்குப் போட்டார்கள், அதில் எனக்குப் பெருமைதான். சென்ற மாதம் பழைய குழுத்தலைவர் ஓய்வு பெற்றார். மடிப்பு மேசையிலிருந்து குழுவுக்குப் போன என் தலையில் அந்தப் பதவியைக் கட்டிவிட்டார்கள். இப்போது தலைவரும் குழுத்தலைவியும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறோம். சாவி மாட்டும் ஆணியிலேயே லாண்டரியையும் மாட்டிவிட்டு உள்ளே வர வேண்டும், வீட்டுக்குள் அந்தப் பேச்சே கூடாது என்று எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டோம். அது நல்ல விதி என்றுதான் நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். விரிப்புகளைத் தானாக மடிக்கும் பெரிய இயந்திரம் ஒன்றை வாங்கியே தீருவேன் என்று அவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். அது வந்தால் மடிப்பு மேசையில் என்னோடு நிற்கும் நான்கு பெண்களுக்கும் வேலை இல்லை. குழு முடியாது என்றது. அவர் விடுவதாக இல்லை. ஆண்டுக் கூட்டத்தில் விதிகளையே மாற்றிவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. உங்கள் நாட்டில் பிரதமர்தானே, நாடாளுமன்றம் நினைத்தால் அவரை இறக்கிவிடலாமாமே? நீதான் மந்திரிகளுக்குக் கார் ஓட்டுகிறவன். அது எப்படி நடக்கிறது, நல்லதா கெட்டதா என்று விவரமாக எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா


பிப்ரவரி 3

பாசமுள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் வணக்கம். நாங்கள் இருவரும் நலம். என் இடுப்பு வலி இங்கத்து மந்திரிசபை மாதிரி, போகிறது, கொஞ்ச நாளில் வேறு முகத்தோடு திரும்பி வருகிறது. உன் செய்தி என் வீட்டுக்காரியிடம் வந்து சேர்ந்தது, தினமும் என்னை நடக்க விரட்டுகிறாள்.

நீ சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். நான் சட்டம் படித்தவன் இல்லை, ஆனால் சட்டம் என் பின் சீட்டில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டே வரும். இங்கே மக்கள் பிரதமருக்கு வாக்குப் போடுவதில்லை, தங்கள் தொகுதி உறுப்பினருக்குத்தான் போடுகிறார்கள். அந்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் யார் பக்கமோ அவர் பிரதமர். பாதிக்குக் கீழே போனால் அன்றே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

போன வாரம் போக்குவரத்து மந்திரியைக் காலையில் கொண்டுபோய் விட்டேன். காரின் முன்னால் கொடி பறந்தது, காவலர்கள் சலாம் வைத்தார்கள். மதியம் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. கூட்டணியில் இருந்த ஒரு சின்னக் கட்சி நழுவிவிட்டது, அவ்வளவுதான். மாலையில் அவர் படியிறங்கி வந்தபோது கார் ஷெட் ஆள் கொடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் பின் கதவைத் திறந்தேன். அவர் அதைத் தானே சாத்திவிட்டு முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இனிமே பின்னாடி எதுக்குப்பா" என்றார். வீடு வரும் வரை சிக்னல் விளக்குகளைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தார். அவருடைய இலாகா அது. இத்தனை நாள் பின் சீட்டில் இருந்ததால் பார்த்ததே இல்லையாம்.

அதனால்தான் சொல்கிறேன், எந்த நேரமும் இறக்கப்படலாம் என்று தெரிந்தவன் கொஞ்சம் அடங்கி நடப்பான். உங்கள் ஜனாதிபதியைப் பார். தெருவில் ஒருவருக்கும் அவரைப் பிடிக்கவில்லை என்று நீயே எழுதினாய், ஆனாலும் இன்னும் இரண்டு வருஷம் அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். உங்கள் லாண்டரியில் குழுவே தலைவரைத் தேர்ந்தெடுக்கட்டும், வேண்டாமென்றால் குழுவே இறக்கட்டும். அத்தான் கோபித்துக்கொள்ளக் கூடாது, பொதுவாகச் சொல்கிறேன்.

இருவரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.
தம்பி


மார்ச் 1

அன்புத் தம்பிக்கு, நீங்கள் நலமாக இருப்பது அறிந்து நிம்மதி. எங்களுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தை அத்தானிடம் காட்டவில்லை. வீட்டில் காட்டினால் விதிமீறல், அலுவலகத்தில் காட்டினால் கலகம்.

இங்கே நிலைமை முற்றிவிட்டது. இயந்திரத்தையும் சேர்த்து அவர் இந்த வருஷத்துச் செலவுத் திட்டத்தை அனுப்பினார். குழு இயந்திரத்தை மட்டும் வெட்டித் திருப்பி அனுப்பியது. அப்படியானால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் மறுபடி திருப்பினார். கையெழுத்து இல்லாமல் சோப்புத் தூள்கூட வாங்க முடியாது. ஆஸ்பத்திரி விரிப்புகள் தள்ளுவண்டிகளில் குவிந்து கிடக்கின்றன. துவைப்பு இயந்திரங்களில் பாதி வாயைத் திறந்தபடி சும்மா நிற்கின்றன. உங்கள் நாட்டில் இப்படி ஆனால் அரசு கவிழ்ந்து வேறொன்று வரும். எங்களுக்குக் கவிழவும் வழியில்லை, ஓடவும் வழியில்லை.

சிரிக்காமல் கேள். அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவர் தும்மினால் நான் இங்கே நிமிர்ந்து பார்ப்பேன். ஆனாலும் எல்லாம் எழுத்தில்தான். "குழுத்தலைவி அவர்களின் மேலான கவனத்துக்கு" என்று எழுதி அலுவலக உதவியாளரிடம் கொடுப்பார். அந்த மனுஷர் நடக்கிற வேகத்தைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர் புயல். புயல் சுவரைச் சுற்றி வந்து சேருவதற்குள் என் பதிலே தயாராகிவிடும். மாலையில் தலைவரும் நானும் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து காய்கறி விலை பேசிக்கொண்டே வீட்டுக்கு வருகிறோம்.

போன கூட்டத்தில் அவர் எழுந்து, "உங்களை ஒவ்வொரு பிரிவு அனுப்பிச்சுது. என்னை எல்லாரும் சேர்ந்து அனுப்பிச்சாங்க" என்றார். "எங்களை எல்லாம் கூட்டினா அதே எல்லாரும்தானே" என்றேன் நான். இரண்டும் உண்மை. இரண்டு பேர் கையிலும் உண்மை இருப்பதுதான் தொல்லை.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி ஒப்பந்தம் கிடைத்தது அவர் தனியாக நின்று, பயப்படாமல் முடிவெடுத்ததால்தான். குழுவைக் கேட்டிருந்தால் இன்றைக்கும் பேசிக்கொண்டே இருந்திருப்போம். யார் தயவும் தேவைப்படாதவர் சில நேரம் நல்லதையும் துணிந்து செய்கிறார். அப்படிப்பட்ட மனுஷர் இந்த ஒன்றில் மட்டும் ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு.
அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு, உங்கள் எல்லாருடைய நலத்தையும் விரும்பும் தம்பி. இங்கே குளிர் விட்டுவிட்டது, இடுப்பும் விட்டுவிட்டது.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தோம், பிறகு கொஞ்சம் கவலையாகவும் இருந்தது. போன தடவை எங்கள் முறையை வாய் நிறையப் புகழ்ந்துவிட்டேன். இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இங்கே ஆற்றின் மேல் ஒரு பாலம் பாதியில் நிற்கிறது. அதை ஆரம்பித்த மந்திரி போய், அடுத்தவர் வந்து, அவரும் போய், அதற்கடுத்தவர் புதிதாக வரைபடம் போட்டார். வருகிற ஒவ்வொருவரையும் நான் அங்கே கூட்டிப் போயிருக்கிறேன். ஒவ்வொருவரும் இறங்கி, இடுப்பில் கை வைத்து, முன்னால் இருந்தவரைத் திட்டிவிட்டு ஏறிக்கொள்வார்கள். நிலைத்து நிற்போம் என்று தெரியாதவன் முடிவதற்கு நாளாகும் வேலையில் கை வைக்க மாட்டான்.

அப்புறம் கொறடா என்று கட்சிக்கு ஒருவர் உண்டு. அவர் தூக்கச் சொன்னால் உறுப்பினர்கள் கை தூக்குவார்கள், இறக்கச் சொன்னால் இறக்குவார்கள். "என் மனசுக்குப் பட்டதுக்குக் கை தூக்கி ரொம்ப நாளாச்சு" என்று உறுப்பினராக இருக்கும் ஒரு அம்மா என் காரில் சொல்லியிருக்கிறார். உன் அத்தானாவது மனசுக்குப் பட்டதைச் செய்கிறார்.

இன்னொன்றையும் யோசி அக்கா. விதியை மாற்றினால், தலைவரை இறக்கக் கை தூக்குகிறவள் நீதான். அதே கையால் மாலையில் அவருக்குச் சாப்பாடு போட வேண்டும்.

உன் பேனா பொய் சொல்கிறது என்கிறாள் என் வீட்டுக்காரி. அண்ணியின் எழுத்து முத்து முத்தாக இருக்கும், இது வேறு யாரோ எழுதியது போல இருக்கிறது என்கிறாள். உன் உடம்பு எப்படி இருக்கிறது?
தம்பி


ஏப்ரல் 6

மாப்பிள்ளைக்கு ஆசிகள். நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, அலுவலகக் குறிப்பு எழுதித்தான் பழக்கம். தப்பாக நினைக்காதே.

உன் கடைசிக் கடிதம் மேசையில் கிடந்தது, படித்துவிட்டேன். உன் வீட்டுக்காரி சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். உன் அக்காவின் வலது கை போய்க்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷமாக ஈர விரிப்பை உதறி உதறி மணிக்கட்டு வீங்கிவிட்டது. காலையில் பொத்தான் போட முடியாமல் நிற்கிறாள். போன வாரம் டம்ளர் கை நழுவி உடைந்தது, வழுக்கிவிட்டது என்றாள். குழுத்தலைவியான பிறகும் பாதி நாள் மடிப்பு மேசைக்குப் போய்விடுகிறாள். போகாதே என்றால் லாண்டரிப் பேச்சு வீட்டில் கூடாது என்கிறாள். நான் வைத்த விதிதான் அது.

இயந்திரம் அதற்குத்தான். அலுவலகத்தில் எப்படிச் சொல்வேன்? பெண்டாட்டிக்காகப் பொதுப் பணத்தில் இயந்திரம் வாங்குகிறான் என்பார்கள். அப்படிச் சொன்னால் தப்பும் இல்லை, உண்மை அதுதானே. அந்த நான்கு பெண்களுக்கு வேறு வேலை பார்த்துக் கொடுப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எங்கே என்று எனக்கே தெரியாது.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல இருந்தது, சொல்லிவிட்டேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
அத்தான்


மே 11

தம்பிக்கு, நீயும் அவளும் நலமா? ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. எங்களைப் பற்றிக் கவலைப்படாதே, நாங்கள் நலம்.

ஆண்டுக் கூட்டம் நடந்தது. நடந்த கூத்தைக் கேள். நீ சொன்னபடி, குழு நினைத்தால் தலைவரை இறக்கலாம் என்ற திருத்தத்தை வைத்தோம். எல்லாருக்கும் பிடித்துப்போய் விசில் அடித்தார்கள். அடுத்து, தலைவரைக் குழுவே தேர்ந்தெடுக்கும் என்று வாசித்தபோது கூட்டமே எழுந்துவிட்டது. "எங்க ஓட்டை ஏன் புடுங்குறீங்க?" என்று வண்டிக்காரர்கள் சத்தம் போட்டார்கள். சரி, அது வேண்டாம் என்று விட்டுவிட்டோம். முதல் திருத்தத்தை வைத்துக்கொண்டோம், இரண்டாவதைத் தள்ளிவிட்டோம். இறக்குவது குழு, ஏற்றுவது எல்லாரும். அன்றைக்கு யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை, எனக்கும்தான்.

மறு வாரம் சோப்புத் தூள் அடியோடு தீர்ந்தது. குழு கூடியது. தலைவரை இறக்கும் தீர்மானத்துக்கு நான் கை தூக்கினேன். தூக்கினேன் என்று எழுதுவதற்கே உடம்பு கூசுகிறது. அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், கோபப்படவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தீர்மானம் நிறைவேறியது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம், "உப்பு குறைவா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

பிறகு தலைவர் தேர்தல் நடந்தது. அவரே நின்றார். முன்பு வாங்கியதைவிட அதிக வாக்கு வாங்கி அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் இறக்கினேன், ஊரே தூக்கி உட்கார வைத்தது. மறுபடி இறக்கினால் மறுபடி ஏற்றுவார்கள். அதே இயந்திரம், அதே கையெழுத்து. சோப்புக்கு மட்டும் இடைக்கால அனுமதி கொடுத்து வண்டி ஓடுகிறது.

நீ கொடுத்த யோசனையில் பாதியை எடுத்துக்கொண்டது எங்கள் தப்பு. அதற்காக நீ வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.
அக்கா


ஜூன் 4

அக்காவுக்கு அன்பு வணக்கங்கள். தாமதத்துக்கு மன்னித்துவிடு. உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு முறை எழுதினேன், இரண்டையும் கிழித்துப் போட்டேன். காரணம் கேட்காதே.

உங்கள் லாண்டரிக் கதையை, முன்பு சட்டத்துறையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரிய மனுஷரிடம் சொன்னேன். இப்போது பதவி இல்லாததால் என் பேச்சையெல்லாம் கேட்க அவருக்கு நேரம் இருக்கிறது. விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "ரெண்டு பேரையும் ஒரே எசமான் அனுப்பியிருக்கான். அப்ப சண்டை வந்தா ரெண்டு பேரும் எசமான்கிட்டத்தான் திரும்பிப் போகணும்" என்றார். அதாவது, குழு தலைவரை இறக்கினால் குழுவும் அந்த நிமிஷமே கலைய வேண்டும். இறக்குபவரும் இறங்க வேண்டும். இரண்டுக்கும் சேர்ந்தே தேர்தல். அப்படி வைத்தால் சும்மா விளையாட்டுக்கு யாரும் கை தூக்க மாட்டார்கள், நிஜமாகவே தாங்க முடியாமல் போனால் மட்டும் தூக்குவார்கள் என்றார். எனக்குச் சரியென்று பட்டது. உனக்கும் பட்டால் எடுத்துக்கொள், இந்தத் தடவை முழுசாக எடுத்துக்கொள்.

அது ஒரு பக்கம். நான் ஒன்று கேட்கட்டுமா? அந்த இயந்திரம் ஏன் வேண்டும் என்று அத்தானிடம் கேட்டாயா? குழுவில் வைத்து இல்லை, புயல் வழியாக இல்லை. வீட்டில் வைத்து, வாயால் கேட்டாயா?

அவள் உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். கையைப் பார்த்துக்கொள்.
தம்பி


ஜூலை 2

தம்பிக்கு. நலம். நீங்களும் நலமென்று நினைக்கிறேன்.

இறக்குபவரும் இறங்க வேண்டும் என்ற விதியைச் சிறப்புக் கூட்டம் போட்டு நிறைவேற்றிவிட்டோம். இரண்டு பேருக்கும் ஒரே கயிறு என்று எல்லாருக்கும் குஷி. ஆனால் குழுவில் இப்போது ஒருவரும் கை தூக்கத் தயாராக இல்லை, அவரவர் நாற்காலி அவரவருக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து எச்சரிக்கை வந்திருக்கிறது. அடுத்த மாத முடிவுக்குள் நாங்கள் ஒழுங்காக நடக்காவிட்டால் விரிப்புகளை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம். அப்படி நடந்தால் நான்கு பேர் வேலை மட்டும் இல்லை, எல்லார் வேலையும் போகும்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். வீட்டில் அந்தப் பேச்சு கிடையாது என்று உனக்குத் தெரியாதா? தெரிந்தே கேட்கிறாய். "கையைப் பார்த்துக்கொள்" என்று எழுதியிருக்கிறாய். என் கையைப் பற்றி உனக்கு யார் சொன்னது? இடுப்பைப் பார்த்துக்கொள், உடம்பைப் பார்த்துக்கொள் என்றுதான் நம் வீட்டில் எழுதுவோம். உனக்கு என்னவோ தெரிந்திருக்கிறது. என்னை விட்டுவிட்டு ஆண்கள் இரண்டு பேரும் எனக்குப் பின்னால் பேசிக்கொள்கிறீர்களா? எனக்குக் கெட்ட கோபம் வருகிறது.
அக்கா


ஜூலை 16

அக்கா, நாங்கள் நலம்.

தெரியும். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் சொல்ல மாட்டேன். திட்டுவதானால் திட்டு. ஆனால் கேள். ஆணியில் மாட்டியதை ஒரு நாள் எடுத்துக்கொண்டு உள்ளே போய், சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேள்.
தம்பி


ஆகஸ்ட் 28

அன்புள்ள தம்பிக்கும் அவளுக்கும், நலம், நலமே விரும்புகிறேன். எழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. வைத்தியர் என் வலது கையை மரச் சட்டம் மாதிரி ஒன்றில் வைத்துக் கட்டிவிட்டார். ஒரு மாதத்துக்குப் பேனாவைத் தொடக் கூடாதாம். நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் அத்தான். (வணக்கம் மாப்பிள்ளை. நான் உனக்கு எழுதிய விஷயத்தை நானே சொல்லிவிட்டேன். உன் வாக்கு காப்பாற்றப்பட்டது.)

உன் கடிதம் வந்த அன்றே கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அந்த மெஷின் எதுக்குங்க?" என்றேன். விதியை மீறுகிறாயே என்று ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் கையை எடுத்து மேசை மேல் வைத்தார். வீக்கத்தைச் சுற்றி விரலால் ஒரு கோடு போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்திவிட்டேன். "என் ஒரு கைக்காக நாலு பேர் வயித்துல அடிப்பீங்களா?" என்றேன். "அவங்க என்னைத் தேர்ந்தெடுத்தாங்க. நான் உன்னைத் தேர்ந்தெடுத்தேன். நடுவுல நின்னுட்டு நான் என்ன பண்றது?" என்றார். கத்தியதும் நான்தான், அழுததும் நான்தான். (நானும் அழுதேன். அதை விட்டுவிடு என்றேன், எழுதச் சொல்கிறாள்.)

அவரை ராஜினாமா செய்யச் சொன்னேன். நடுவில் இறங்கினால் வாக்குப் போட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றார். "அப்ப நான் இறக்குறேன். நானும் இறங்குறேன்" என்றேன். "கொண்டு வா" என்றார்.

தீர்மானத்தை எல்லாருக்கும் முன்னால்தான் கொண்டுவருவேன் என்று சொல்லிவிட்டேன். இஸ்திரிக் கூடத்தில் இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லாரும் வந்து நின்றார்கள். நான் சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். "தலைவர் இயந்திரம் கேட்டது இதுக்காக. மறைச்சது அவர் தப்பு. இந்தக் கையை மறைச்சது என் தப்பு. வலிக்குதுன்னு சொன்னா இயந்திரம் வந்துடும், நாலு பேர் போயிடுவாங்கன்னு மறைச்சேன். நாங்க ரெண்டு பேரும் இந்த நாற்காலிக்கு லாயக்கில்லை" என்றேன்.

மடிப்பு மேசையில் மூத்தவள் ஒருத்தி உண்டு. விரிப்பின் முனை ஒரு நூல் தள்ளி வந்தாலும் முழுவதையும் உதறி மறுபடி மடிக்க வைப்பாள், அதனால் முனையக்கா என்றே கூப்பிடுவோம். அதிகம் பேசாதவள். அவள் முன்னால் வந்து தன் சட்டைக் கையை மேலே இழுத்தாள். மணிக்கட்டைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள். "எனக்கும்தான்" என்றாள். பிறகு மற்ற மூன்று பேரும் காட்டினார்கள். ஒருத்திக்கு இரண்டு கையிலும் கட்டு. "நீங்க சொன்ன அதே காரணம்தான். நாங்களும் மறைச்சோம்" என்றாள் முனையக்கா.

தம்பி, வருஷக்கணக்காக அவர்கள் பக்கத்தில் நின்று மடிக்கிறவள் நான். அவர்களுக்காகத்தான் சண்டை போடுகிறேன் என்று மார் தட்டிக்கொண்டிருந்தேன். எல்லாரிடமும் நேராக வாக்கு வாங்கியவர் அவர், பிரிவில் வாக்கு வாங்கியவள் நான். உன் கை எப்படி இருக்கிறது என்று இரண்டு பேரும் அவர்களைக் கேட்கவில்லை. அன்றைக்கு நான் பட்ட வெட்கத்தை எழுத்தில் சொல்ல முடியாது. (எனக்கும் அதே.)

குழுவில் எல்லாரும் கை தூக்கினார்கள். அவர் இறங்கினார், நாங்களும் இறங்கினோம். மறுபடி நடந்த தேர்தலில் நாங்கள் இருவரும் நிற்கவில்லை. கொதிகலன்காரர் தலைவரானார், முனையக்கா குழுவுக்குப் போனாள். முதல் கூட்டத்திலேயே அவள் எழுந்து, மடிப்பையும் துணி பிரிப்பதையும் வாரம் மாற்றி வாரம் செய்யலாம், மடிப்பு மேசைக்கு மற்றப் பிரிவு ஆட்களும் வந்து போகட்டும், ஒரே கை எல்லாவற்றையும் தூக்க வேண்டாம் என்றாள். இயந்திரத்தை அப்புறம் பார்க்கலாம், ஆனால் அதற்காக யாரையும் அனுப்பக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். எனக்கும் அவருக்கும் எட்டு மாதச் சண்டையில் தோன்றாதது இது. ஆஸ்பத்திரி விரிப்புகள் ஒழுங்காகப் போகின்றன.

எங்கள் முறை நல்லதா, உங்கள் முறை நல்லதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. உன் பெரிய மனுஷரிடம் கேட்டுச் சொல். ஆனால் முன் சீட்டில் வந்து உட்கார்ந்த அந்த மந்திரியை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். உன் அத்தானுக்கு இந்த வாரம் மடிப்பு மேசை. முனையக்கா எதிரில் நின்று, அவர் மடித்த விரிப்பைப் பல தடவை உதறச் சொல்லிவிட்டாளாம். (ஒன்பது தடவை.) சாவி ஆணியில் இப்போது சாவி மட்டும்தான் தொங்குகிறது.

அவளிடம் அண்ணி கேட்டதாகச் சொல். அவளுடைய கண்ணுக்குத்தான் முதலில் தெரிந்தது. கீழே கையெழுத்து மட்டும் நான் போடுகிறேன், இடது கையால்.

அக்கா

(மாப்பிள்ளை, கோணலாக இருப்பது அவளே போட்டதால். நான் கை கொடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். சரி என்றேன்.)